மூன்றாம் மெட்டு

கம்மனஹள்ளியில் இரண்டாம் மாடிக் கடை.
லிஃப்ட் ஓடவில்லை.
எந்தக் கம்பெனி என்று பலகையைப் பார்த்துவிட்டுப்
படியேறினேன். பழக்க தோஷம்.
பதினேழு வருஷமாய் லிஃப்ட் ரிப்பேர்.

கடைப் பையன் நிஷ்சல், ஒரு காதில் வளையம்.
என்ன மாதிரி வாசிப்பீர்கள் என்று கன்னடத்தில் கேட்டான்.
இன்னும் எந்த மாதிரியும் இல்லை என்றேன்.
பரவாயில்லை சார் என்றான்,
ரிப்போர்ட்டை மடித்து வைக்கும் டாக்டர் குரலில்.

சுவர் முழுக்கக் கழுத்து மாட்டித் தொங்கின கிட்டார்கள்.
சிவப்பில் ஒன்று இருந்தது.
பதினாறு வயதில் என்றால் அதைத்தான் எடுத்திருப்பேன்,
விலையைக்கூடப் பார்க்காமல்,
எடுக்க முடியாமல்.

அவன் மரத்தின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தான்.
நான் பின்பக்க மூடியைக் கழற்றச் சொல்லிப்
பற்றவைப்பைப் பார்த்தேன். சுத்தமான கை, யாருடையதோ.
ஒரு கண்ணை மூடிக் கழுத்தின் ஓரத்தைப் பார்த்தேன்,
கைடு ரெயிலைப் பார்ப்பதுபோல.
நேர்.

சட்டைப் பையில் இருபத்திரண்டாயிரம்.
அதில் நாலு ஜெசிந்தா கொடுத்தது,
"ரெண்டு மாசத்துல பரணுக்குப் போயிரும்" என்ற ஆசீர்வாதத்துடன்.

நாற்பது வாட் ஆம்ப் ஒன்றை உருட்டி வந்தான்.
நாற்பது வாட் என்றால் எனக்கு ட்யூப்லைட்.
அவன் ஒரே கம்பியைத் தட்டியதும்
கண்ணாடிப் பெட்டிக்குள் மவுத் ஆர்கன்கள்
உட்கார்ந்த இடத்திலேயே துள்ளின.
லிங்கராஜபுரத்தில் எனக்கும் சித்தலிங்கப்பாவுக்கும் நடுவே
நாலரை அங்குலச் செங்கல்.
அவருக்கு நைட் ஷிஃப்ட்,
பகல் பதினொன்றுதான் நடுராத்திரி.
பத்து வாட் போதும் தம்பி.
ஹெட்ஃபோன் துளை இருக்கா?

வாசித்துப் பாருங்கள் என்றான்.
எதை?
பக்கத்தில் மீசை முளைக்காத ஒருவன்
விரலால் மழை பெய்துகொண்டிருந்தான்.
நீயே வாசி, நான் கேட்கிறேன் என்று
சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.
ஒன்று. பிறகு இன்னொன்று. மறுபடி முதலாவது.
இரண்டாவது என்றேன்.
திரும்பினால் அது சிவப்பு இல்லை.
ரேஷன் கடைப் பாமாயில் நிறம்.

வீட்டில் ப்ளக்கைச் செருகும் முன்
டெஸ்டரும் மீட்டரும் வைத்துப் பார்த்தேன்.
மூன்றாம் ஓட்டை வெறும் ஓட்டை.
எர்த் என்று ஒன்று அந்த வீட்டுக்குப் போட்டதே இல்லை,
ஒன்பது வருஷமாய் அதற்குள்தான் வாடகை கொடுத்தேன்.

ஆகவே முதல் பாடம்:
கடப்பாரை.
ஞாயிறு முழுக்கப் பின்சந்தில் குழி,
கட்டை கட்டையாய் கரி, கல்லுப்பு, ஒரு குழாய்.
எனக்கென்று தோண்டியதில்
சித்தலிங்கப்பா வீட்டுக்கும் ஒரு ஒயர்.
அவர் பனியனோடு வந்து நின்று
கிட்டாருக்கு உப்பு எதற்கு என்று கேட்டார்.
ருசிக்கு என்றேன்.

சாயங்காலம் ஆன் செய்தேன்.
ம்ம்ம் என்றது பெட்டி.
கம்பிகளின் மேல் உள்ளங்கையை வைத்தேன்,
முக்கால்வாசி அடங்கிற்று.
காய்ச்சல் குழந்தை கை பட்டதும் அனத்தலைக் குறைப்பதுபோல.
மீதிக் கால்வாசி ட்ரான்ஸ்ஃபார்மருடையது,
அது போகாது.
எனக்குத் தெரிந்த குரல்தான்.
எல்லா மோட்டார் ரூமிலும் இதே ம்ம்ம்,
சோற்று டப்பா திறக்கையில், கிரீஸ் துடைக்கையில்.

தடித்த கம்பியில் விரலை நகர்த்தினேன்.
முதல் மெட்டு இல்லை.
இரண்டும் இல்லை.
மூன்றாம் மெட்டில் அழுத்தியதும்
கம்பியும் கரண்டும் பக்கத்துப் பக்கத்தில் வந்தன.
ஒன்றல்ல. நடுவே ஒரு சின்ன அலைச்சல்,
வினாடிக்கு இரண்டு தரம்,
தளத்தோடு மட்டம் சேராமல் நின்ற லிஃப்ட்போல.

தப்பு பெஸ்காமுடையதா, என்னுடையதா?
கடையில் சுருதி சேர்த்துத்தான் தந்தார்கள்.
இருந்தாலும் முறுக்காணியைத் திருகினேன்,
மயிரிழை, இன்னொரு மயிரிழை.
அலைச்சல் மெதுவாகி, மெதுவாகி,
நின்றது.

மற்ற ஐந்து கம்பிகளும் இப்போது தப்பு.
அதை நாளைக்குப் பார்க்கலாம்.

அப்போது கரண்ட் போயிற்று.
தெரு முழுக்க ஒரே இருட்டு.
விரல் நுனியில் கம்பி வெட்டிய பள்ளம் எரிய,
மூன்றாம் மெட்டு மட்டும்
கொசு அளவுக்கு
இன்னும் கொஞ்சம்