ஒருவருக்கு மூன்று நிமிடம்

விளக்கின் பொத்தான் என் கையில்.
பச்சை எரிந்தால் பேசலாம்.
மஞ்சளில் முடிக்கப் பார்க்கலாம்.
சிவப்பில் நன்றி சொல்லி உட்கார்ந்துவிட வேண்டும்.
பதினெட்டு வருடமாக இந்தத் திட்டக்குழுவுக்கு
கூட்டக் குறிப்பு எழுதுகிறேன்.
'அழுதார்' என்று எழுதக் கூடாது.
'கவலை தெரிவித்தார்'.

இன்று பள்ளியின் கூடைப்பந்துக் கூடத்தில்
மடக்கு நாற்காலிகள் போதவில்லை.
சுவரில் வரைபடம்:
வீடுகள் மஞ்சள், கடைகள் சிவப்பு, சோளம் பச்சை.
நெடுஞ்சாலைக்கு மட்டும் நிறமில்லை;
எல்லாவற்றையும் கீறிக்கொண்டு
ஒமாஹாவுக்குப் போகிறது.
சாலை இறங்கும் இடத்தில்
நாற்பது ஏக்கர் பச்சையைச்
சிவப்பாக்கித் தரச்சொல்லி மனு.
இருபத்துநான்கு டீசல் பம்பு,
நூற்றுப்பத்து லாரி நிற்க இடம்,
குளியலறை, வறுத்த கோழி,
விடியும்வரை அணையாத விளக்குக் கம்பம், எண்பது அடி.

முதலில் லொரெய்ன் வோந்த்ரா.
கண்ணாடிப் புட்டி ஒன்றை மேஜைமேல் வைத்தார்.
கிணற்றுத் தண்ணீர்.
ஒன்றும் பேசவில்லை.
ஒரு நிமிடம் பத்து வினாடி
பச்சை வீணாக எரிந்தது.
"இன்று காலையில் எடுத்தது.
பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்குத் தேவைப்படும்."
நான் எழுதினேன்:
நிலத்தடி நீர் குறித்துக் கவலை தெரிவித்தார்.

கம்பெனி வக்கீலின் சிவப்புப் புள்ளி
வரைபடத்தில் ஈபோல அலைந்தது.
எல்லையோரம் மரம் நடுவார்களாம்.
சத்தம் கேட்காதாம்.
"எந்த வருடத்திலிருந்து?" என்றது பின்வரிசை.
சிரிப்பைக் குறிப்பில் சேர்ப்பதில்லை.

டுவெய்ன் போஸ்பிஷில் தொப்பியைக் கழற்றினார்.
"நானே லாரிக்காரன்.
வாரத்தில் நாலு இரவு யாரோ ஒருவரின்
படுக்கையறை ஜன்னலுக்குக் கீழே
இஞ்சினை அணைக்காமல் தூங்குகிறேன்.
அணைத்தால் குளிரில் விறைத்துவிடுவேன்.
அவர்கள் பெயர்கூட எனக்குத் தெரியாது.
இங்கே அந்த ஜன்னல் என்னுடையது."
ஆதரவா எதிர்ப்பா என்று தலைவர் கேட்டார்.
போஸ்பிஷில் யோசித்தார்.
மஞ்சள் விழுந்தது.
"எதிர்ப்பு," என்றார், கடன் ஒப்புக்கொள்கிறவர்போல.

கடைசியாக நிலத்துக்காரர், வெண்டல் ஹர்பெக்.
"தொண்ணூற்று நாலில் இதே ஊரில், இதே மைக்கில்
நானும் எதிர்த்துப் பேசினேன்.
இப்போது நீங்கள் குடியிருக்கும் மஞ்சள் எல்லாம்
அன்று என் அண்ணன் விதைத்த சோளம்.
வீடு வந்தால் எரு நாறுகிறது என்பார்கள் என்றேன்.
என்றார்கள்.
ராத்திரி அறுவடை மெஷின் ஓடக்கூடாது என்பார்கள் என்றேன்.
ஷெரிஃபை அனுப்பினார்கள்.
உங்கள் தெருவுக்கு 'அறுவடை வளைவு' என்று
பெயர் வைத்தது யாரென்று தெரியவில்லை;
நன்றாகத்தான் இருக்கிறது.
இன்று நீங்கள் பேசியதெல்லாம்
நான் பேசி வைத்துவிட்டுப் போனது.
அப்போதும் மூன்று நிமிடம்தான்."

சிவப்பு எரிய வேண்டிய நேரம் கடந்து
நாற்பது வினாடி.
என் விரல் பொத்தான்மேல்தான் இருந்தது.
அழுத்தவில்லை.
அவரே விளக்கைத் திரும்பிப் பார்த்தார்,
பழுதென்று நினைத்திருப்பார்,
போய் உட்கார்ந்தார்.
லொரெய்ன் அவர் பக்கம் திரும்பவில்லை.
ஆனால் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி
அவர் கால் நீட்ட இடம் விட்டார்.

நாலுக்கு மூன்று. மனு ஏற்கப்பட்டது.
நிபந்தனை: கம்பம் அறுபது அடிக்கு மேல் கூடாது.

வீட்டுக்குப் போகும் வழியில் டாங்க் காலி.
ஊருக்கு இருக்கும் ஒரே பம்பில் வரிசை.
எனக்கு முன்னால் போஸ்பிஷில்.
தலையசைத்துக்கொண்டோம்.
இன்னும் நாலு பம்பு இருந்தால் என்ன
என்று எனக்குத் தோன்றியதை
இங்கே மட்டும் எழுதுகிறேன்.

மறுநாள் காலை சான்றுகளைப் பதிய வேண்டும்.
சட்டப்படி ஒன்றையும் எறியக் கூடாது.
புட்டிக்கு எண் ஒட்டினேன்: ஏழு.
அளித்தவர்: வோந்த்ரா.
தேதி.
'மொத்தப் பக்கங்கள்' என்ற கட்டத்தில்
பேனா வெகுநேரம் நின்றது.
பிறகு எழுதினேன்:
முக்கால் புட்டி.