ஒன்றரை மீட்டர்

குய்ச்சோ மலைச்சரிவில் தூசோங் கன்றுகளை
ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாய் நட்டேன்.
மூன்று விடு என்றாள் ரூய்ச்சின்.
இடையில் காற்றையா விற்கப்போகிறோம் என்றேன்.

பன்னிரண்டாம் வருஷம்.
வெளிச்சத்துக்கு முண்டியடித்தே
நெடுநெடுவென்று ஒல்லியாய் நிற்கின்றன.
மருந்துப்பட்டை வாங்க வந்தவன்
முட்டையோட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தான்.
வண்டித்தடத்தின் ஓரம் தப்பி நின்ற
ஐந்து மரங்களில் மட்டும்
செருப்புத்தோல் கனம்.

இன்று ஒன்றுவிட்டு ஒன்றுக்குச் சிவப்பு மை.
நாளை கோடரி.
மை வாளியோடு கூடவே வருகிறாள்.
சொல்லிக்காட்டவில்லை,
அதுதான் கனக்கிறது.

உதிராத ஓர் இலையைப் பறித்து
இரண்டாய்க் கிழிக்கிறாள்.
பிசின்நூல் வெள்ளியாய் இழுபட,
பாதியில் பாதி தொங்குகிறது.

எவ்வளவு தூரம் தாங்கும்?

மூன்று மீட்டர் தாங்காது என்கிறேன்.

சிரித்துவிட்டு
அடுத்த மரத்தைக் காட்டுகிறாள்.