பதினான்கு மில்லிமீட்டர்

பதினேழு வருஷம் ஜுபைலில்
குழாய்களுக்கு எக்ஸ்ரே எடுத்தவன் நான்.
வெல்டிங்கில் ஒரு கரும்புள்ளி தெரிந்தால்
மஞ்சள் பென்சிலால் வட்டம் போட்டு
'ரிப்பேர்' என்று எழுதி
டீ குடிக்கப் போய்விடுவேன்.

எங்கள் பிலிமில் குறை கறுப்பு.
நெஞ்சுப் படத்தில் வெள்ளை.
இக்காமா புதுப்பிக்க எடுத்ததில்
வலது மேல்மூலையில்
பதினான்கு மில்லிமீட்டர்.
அளவைக் கேட்டதும்
எங்கள் விதிப்படி இது பாஸா பெயிலா என்றுதான்
முதலில் மனசு கணக்குப் போட்டது.

இன்று குப்புறப் படுத்திருக்கிறேன்.
முதுகில் ஈயக் கோடுகள் ஒட்டிய தாள்.
டாக்டர் ரீம் பேனாவால் ஒரு புள்ளி வைத்தார்,
மரத்துப்போக மருந்து போட்டார்,
பிறகு எல்லோரும் வெளியே போய்க்
கதவைச் சாத்தினார்கள்.

இந்தக் கதவை எனக்குத் தெரியும்.
கயிறு கட்டி, சைரன் போட்டு
'எல்லாரும் தள்ளிப் போ' என்று
ராத்திரி ராத்திரியாக விரட்டியிருக்கிறேன்.
தனியே விட்டுவந்த குழாயைப் பற்றி
ஒரு நாளும் யோசித்ததில்லை.

வளையம் சுழன்றது.
எந்திரத்துக்குள்ளிருந்து ஒரு பெண்
அரபியில் மூச்சைப் பிடிக்கச் சொன்னாள்.
பிடித்தேன்.
விடச் சொல்ல மறந்துவிட்டாளோ என்று
நினைக்கும்போது சொன்னாள்.

வந்தார்கள். ஊசியை ஒரு விரற்கடை இறக்கினார்கள்.
போனார்கள். படம்.
வந்தார்கள்.
இரண்டு விலா எலும்புக்கு நடுவே
வழி கேட்டுக் கேட்டுப் போகிறது ஊசி.
'சுமய்க்கல்லே' என்றார் சிஸ்டர் லின்சி.
இருமாதே என்று புரிந்த பிறகுதான்
இருமலே வந்தது.
விழுங்கினேன்.
டக்.
ஸ்டேப்ளர் சத்தம். இன்னொரு டக்.
குப்பியைக் காட்டச் சொல்லிப் பார்த்தேன்:
அறுந்த சேமியா அளவு நான்.

குத்துப்பட்ட பக்கம் கீழாக
மூன்று மணி நேரம்.
காற்று கசிகிறதா என்று மறுபடம்.
அதுவும் எங்கள் வழக்கம்தான்.

சாயங்காலம் சேவுகன் வந்தான், வெல்டர்,
கையில் லபன் பாட்டிலோடு.
போன ரமலானில் அவனுடைய
மூன்று ஜாயின்டை வெட்டச் சொன்னவன் நான்.
'இன்னொரு தடவை பாருங்கண்ணே,
பிலிம்ல தூசியா இருக்கும்' என்று
அன்று அறைவாசலில் நின்றான்.
நான் பார்க்கவில்லை.

ரிசல்ட் எப்போ என்றான்.
அடுத்த ஞாயிறு.
உறையிலிருந்து என் படத்தை உருவி
ஜன்னல் வெளிச்சத்தில்
நான் பிடிப்பது போலவே பிடித்து
வெகுநேரம் பார்த்தான்.

'தூசியா இருக்கும்ணே' என்றான்.