எந்தப் பாதி

மண்டையும் மண்டையும் மோதிய சத்தம்
பெரிதாக ஒன்றுமில்லை.
காலி தண்ணீர் டிரம்மைக் காலால் தள்ளினால்
ஒரு தடவை கேட்குமே, அவ்வளவுதான்.
பந்து அதற்குள் கார்னர் கொடிக்குப் போய்விட்டது.
எல்லோரும் பந்தைப் பார்த்தார்கள்.

எபி எழுந்துவிட்டான்.
எழுந்ததே போதும் என்றிருந்தது எல்லோருக்கும்.
முழங்கால் புழுதியைத் தட்டிவிட்டு
தடுப்பாட்டக்காரன்
நம் கோலைப் பார்த்தபடி நின்றான்.
அவன் முதுகுக்குப் பின்னால்
ஆட்டம் நடந்துகொண்டிருந்தது.

கையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினேன்.

"ஒண்ணும் இல்லண்ணா. சோக்கா கீறேன்."
இது எந்தப் பாதி, எபி?
மைதானச் சுவரை ஒட்டி
கொருக்குப்பேட்டைக்கு ஒரு கூட்ஸ் போனது.
கடைசிப் பெட்டி போகும்வரை யோசித்தான்.
"ஃபர்ஸ்ட் ஆஃப்."
கடைசி கோல் யார் போட்டது?
"வில்சன்."
வில்சன் இன்று வரவே இல்லை.
அக்கா கல்யாணத்துக்கு ஆரணி போயிருக்கிறான்.

மாற்று ஆட்கள் தீர்ந்துபோயிருந்தார்கள்.
"பத்து நிமிஷம்டா, தலையில தண்ணிய ஊத்தி அனுப்பு"
என்றார் மோசஸ் அண்ணன்.
ஆட்டோ மேல் உட்கார்ந்திருந்த அவன் அப்பா
"எம்புள்ள கல்லுடா, விடுடா அவன" என்று கத்தினார்.
நான் எபியைக் கோட்டுக்கு வெளியே உட்காரவைத்து
ஒரு பூட்ஸை மட்டும் கழற்றி
என் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.
ஒற்றைக் காலோடு எவனும் ஆட முடியாது.
என் அம்மாவை இழுத்துத் திட்டினான்.
பிறகு வியாசர்பாடியே திட்டியது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால்
இதே மைதானம், என் பொட்டில் ஒரு முழங்கை.
தண்ணீர் ஊற்றினார்கள். ஆடினேன்.
கடைசி நிமிஷ கோல், இடது கால்,
கம்பத்தில் பட்டு உள்ளே.
அந்த கோலுக்காக முனை டீக்கடையில்
இன்னும் என்னிடம் காசு வாங்குவதில்லை.
நாற்பது வாய் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.
நான் பார்த்ததில்லை.
காலையில் கயிறு கட்டியது தெரியும்.
அதற்கப்புறம் வியாழக்கிழமை:
வாந்தி பட்ட தலையணை உறையை
அம்மா அலசிக்கொண்டிருக்கிறாள்.

அந்த வருஷம் பிளஸ் டூ புத்தகத்தில்
எழுத்தெல்லாம் எறும்பு மாதிரி நகர்ந்தது.
கணக்குப்பதிவியலில் ஃபெயில்.
அந்த கோலும் இந்த ஃபெயிலும்
ஒரே அடியின் இரண்டு முனை என்று புரிய
எட்டு வருஷம் பிடித்தது.

தோற்றோம். இரண்டுக்கு ஒன்று.
விசில் ஊதும்போது நாங்கள் அங்கே இல்லை.
மூலக்கொத்தளம் தாண்டும்போது
எபி ஆட்டோவுக்குள்ளேயே வாந்தி எடுத்தான்.
ஏழுமலை பேச்சை நிறுத்தினார்.
ஸ்டான்லி வாசலில், மெதுவாக,
"எம்பேரு கேளுப்பா அவன" என்றார்.
கேட்டேன்.
"ஏழுமலை" என்றான்,
அப்பா என்ற வார்த்தை இல்லாமல்,
ரேஷன் கடையில் கூப்பிடுவது போல.
மனுஷன் சிரித்துவிட்டு
முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஸ்கேனில் ரத்தக்கசிவு இல்லை.
இல்லை என்பதால் நாளைக்கே ஆடலாம் என்று அர்த்தமில்லை
என்று டாக்டரம்மா இரண்டு தடவை சொன்னார்,
இரண்டாம் தடவை மோசஸ் அண்ணனைப் பார்த்து.
வலி கூடினாலோ, எழுப்பி எழாவிட்டாலோ
மணி பார்க்காமல் வரச் சொன்னார்.
அன்றிரவு ஏழுமலை சவாரிக்குப் போகவில்லை.

கோப்பை இப்போது காசிமேட்டில்
யாரோ ஒருவரின் ஐஸ் பெட்டி மேல் நிற்கிறதாம்.

நாலாவது ஞாயிறு.
எபி நடந்து முடித்து, மெல்ல ஓட ஆரம்பித்திருக்கிறான்.
தலையால் முட்ட இன்னும் அனுமதி இல்லை.
மூச்சு வாங்க என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அன்னிக்கு உன்ன ரொம்பத் திட்டுனேனாமே.
பசங்க சொன்னானுங்க.
இன்னாண்ணா சொன்னேன்?"

ஒண்ணும் இல்ல என்றேன்.
சோக்காத்தான் பேசுன.