ஹாரனின் ரிலே

எர்மோசியோ நகரில் ஜூலை.
சிவப்பு விளக்கில் நின்றால் ஏசி செத்துவிடும்.
மெக்கானிக் கடை வாசலில் மட்டும்
ஒன்றுமே நடக்காத மாதிரி
ஜில்லென்று ஊதும்.

"கேஸ் தீர்ந்துபோச்சு" என்றான் பக்கத்து வீட்டு ராமீரோ.
எதற்கும் அவன் சொல்வது அதுதான்.

தீர்ந்தது திரும்பி வருமா?

இரவு பதினொன்று, அப்போதும் முப்பத்தெட்டு டிகிரி.
ஓஃபேலியா பானெட்டைத் தூக்கி
எஞ்சினை ஓடவிட்டுக் காது கொடுத்தாள்.
கம்ப்ரஸர் டக்கென்று கவ்வியது.
இருபது நிமிடம்.
விட்டது. பிறகு கவ்வவே இல்லை.

ஃப்யூஸ் பெட்டிக்குள்
தொட்டால் சுடுகிற சின்னக் கறுப்பு ரிலே.
பக்கத்திலேயே அதன் இரட்டை, ஹாரனுக்கு.
இரண்டையும் பிடுங்கி
இடம் மாற்றிச் செருகினாள்.

டக்.
ஒரு மணிவரை வண்டிக்குள்ளேயே இருந்தாள்,
முழங்கால் சில்லிட.

வெள்ளிக்கிழமை, மகளை அழைத்துப்போக
எவாரிஸ்தோ வீட்டு வாசலில் ஹாரனை அழுத்தினாள்.
சத்தமில்லை.
ஓங்கிக் குத்தினாள். ஒரு விக்கல், அவ்வளவுதான்.
பிரிந்த நாளாக இரண்டு பேருக்கும் நடுவே
அந்த ஹாரன்தான் பேசிக்கொண்டிருந்தது.

எஞ்சினை அணைக்காமல்
(குளிர் போய்விடக் கூடாது)
இறங்கிப் போய்க்
கதவைத் தட்டினாள்.