பிடிபட்ட வண்டிகள்

வாளையார் செக்போஸ்ட்டில் பத்தொன்பது வருஷம்
சீல் குத்தியவள் நான்.
பில் சரியென்றால் போ.
இல்லையென்றால் ஓரங்கட்டு.
கணவாய்க் காற்று மூன்றாவதாய் ஏதாவது சொல்லும்.
காகிதம் பறக்காமல் கல் வைப்பேன்.

ஆறாவது ஊசி முடிந்து
துணுக்கெடுத்துப் பார்த்த ரிப்போர்ட்டைப் புரட்டி
டாக்டர் லிஜி குரியன்
மலையாளம் ஊறிய தமிழில் சொன்னார்:
"குறே செத்துப்போச்சு.
குறே அப்படியே நின்னுபோயி."

செத்தது சரி.
நல்ல செல்லுக்குச் சாகத் தெரியுமாம்.
தன்னைத் தானே மடித்துப் பொட்டலமாக்கி
பக்கத்து வீட்டுக்காரி வாய்க்குள் போய்விடுமாம்,
எழவு சொல்லக்கூட ஆளனுப்பாமல்.
என்னுடையது அதை மறந்த கூட்டம்.
ஊசிதான் ஞாபகப்படுத்தியது.

நின்றது என்றால்?
பெருகாது, வயசாகிப்போச்சு என்றார்.
நல்லதுதானே என்றார் என் வீட்டுக்காரர்.
நான் பேசவில்லை.
எனக்கு யார்டு தெரியும்.

ஸ்பிரிட் கடத்தி மாட்டிய லாரிகள்
கேஸ் முடியாமல் நின்ற இடம்.
ஓடாது. உடைக்கவும் உத்தரவில்லை.
சீட்டில் எலி குட்டி போடும்.
சும்மா நிற்கிறதென்று யார் சொன்னது?
டேங்க் கசிந்து கசிந்து
காம்பவுண்டுக்கு அந்தப் பக்கம்
செந்தாமரை வீட்டுக் கிணற்றில் டீசல் வாடை.
குடத்தோடு வந்து கவுண்டரில் நின்றாள்:
"மோந்து பாருங்க."
மோந்து பார்த்தேன்.
பாரத்தில் அதற்கொரு கட்டம் இல்லை.

நின்ற செல்லும் கசியுமாம்.
பக்கத்தில் ஒழுங்காய் இருப்பதைக் கிளப்பிவிடுமாம்.
காயம் ஆறவும் அதே கசிவு உதவுமாம்,
இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார்.
அதை அகற்ற மருந்து?
எலிக்குக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.
மனுஷருக்கு, பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிறகு அந்த 4416.
பதினொரு வருஷம் நின்றது.
பம்பரை முட்டி வேப்பங்கன்று மரமாகிவிட்டது.
கோர்ட்டு விட்டதும் ஹம்சா மரத்தை வெட்டி
புது பேட்டரி மாட்டினான்.
வேடிக்கை பார்க்க டீயோடு நின்றோம்.
இருமியது.
இன்னொரு தடவை இருமியது.
அப்புறம் கறுப்பாய்ப் புகை விட்டு
கேட்டைத் தாண்டி
கோயமுத்தூர் ரோட்டில் ஏறிவிட்டது,
என் சீல் இல்லாமல்.

இதை டாக்டரிடம் சொல்லவில்லை.
மூன்று மாசத்துக்கொருமுறை வரச் சொல்லியிருக்கிறார்.
அவரும் ஒரு 4416 பார்த்திருப்பார்.

செக்போஸ்ட்டை இப்போது எடுத்துவிட்டார்கள்.
யாரும் யாரையும் நிறுத்துவதில்லை.
ஆஸ்பத்திரி போய்த் திரும்பும் பஸ்
பழக்கத்தில் அங்கே கொஞ்சம் மெதுவாகும்.
என் கை இடது மார்புக்குப் போகும்,
காற்றில் காகிதத்துக்குக்
கல் வைப்பதுபோல்.