கசிவு

ஒடுகத்தூர் தாண்டி, ஜவ்வாது மலை இறங்கி முடிகிற இடத்தில்
நாவலோடையைக் குறுக்கே மறித்த மண்ணணை.
நீளம் இருநூற்றுப் பத்து மீட்டர். உயரம் ஐந்தரை.
என் முதல் எஸ்டிமேட்.

நூற்று நாற்பதாவது மீட்டரில்
வெளிச்சரிவில் பாதம் புதைந்தது.
ஒரு பாய் அளவுக்கு ஈரம். கோரை, வல்லாரை.
மாட்டுக் குளம்பு பதிந்த பள்ளத்தில் தலைப்பிரட்டைகள்.
'கசிவு' என்று எழுதி
இரண்டு முறை அடிக்கோடிட்டேன்.

புல் அறுத்துக்கொண்டிருந்த அமுலு நிமிர்ந்தார்.
"கசிவு இல்ல சார் அது.
எங்க கெணத்துக்குத் தண்ணி போற வழி."
சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.
கசிகிற அணை ஒருநாள் உடைகிற அணை:
படித்தது அது. பொய்யும் இல்லை.

சித்திரையில் வெட்டித் திறந்தோம்.
நண்டு வளைகள். ஒரு வேர் செத்துப்போன குழாய்.
யாரோ எப்போதோ கொட்டிய செம்மண் கட்டியில்
இன்னும் அழியாமல் கூடைப் பின்னலின் அச்சு.
அதன்மேல் களிமண், அடுக்கடுக்காய் நனைத்து,
ஆட்டுக்கால் உருளை பன்னிரண்டு முறை.
காண்ட்ராக்டர் தசரதன் உதைத்துப் பார்த்து
"கல்லு மாதிரி கீது சார்" என்றார்.

கார்த்திகையில் கலங்கல் வழிந்தது.
மழை விட்டு மூன்று வாரம் கழித்து
நூற்று நாற்பதில் மண்டியிட்டு
உள்ளங்கையை வைத்தேன். காய்ந்திருந்தது.
வேலூர் திரும்பும் பேருந்தில்
அந்தக் கையை மடிமேல் வைத்தபடி உட்கார்ந்திருந்தேன்,
பரிசு வாங்கிய பையன்போல.

பங்குனியில் போன்.
"ஏரில தண்ணி கீது சார்.
கெணத்துலதான் இல்ல."

போனேன்.
பதினைந்து படிகளும் தெரிந்தன.
கடைசி நான்கும் வெயிலுக்குப் புதிது;
பாசி காய்ந்து அப்பளமாய் உரிந்துகொண்டிருந்தது.
கரைக்கு அந்தப் பக்கம்
ஆறடித் தண்ணீரில் நீர்க்காகம் முங்கி எழுந்தது.
பெண்கள் குடத்தோடு ஏறினார்கள், இறங்கினார்கள்,
மாடு புரண்ட தண்ணீரைப்
பழைய வேட்டியில் வடிகட்டிக் கொண்டுவர.
நான் கெட்டித்த சரிவில்
அவர்கள் நடந்து நடந்து ஒரு தடம் விழுந்திருந்தது,
ஏறக்குறைய நூற்று நாற்பதில்.

அமுலு ஒன்றும் கேட்கவில்லை.
வெயிலில் வந்தவனுக்கு ஒரு சொம்பு நீட்டினார்.
அடியில் வண்டல்.
குடித்தேன்.

அளவுப் புத்தகத்தில்
'கசிவு: இல்லை' என்ற வரி
என் கையெழுத்தோடு இருக்கிறது.
அடிக்க ஒரு கோடு போதும்.
அடித்தால் பக்கத்தில் காரணம் எழுத வேண்டும்.

பைக் சீட்டின்மேல் புத்தகத்தை வைத்து
எழுத ஆரம்பித்தேன்:
மேற்படி கசிவானது கசிவு அன்று,